மாமூத் போனது, நம் யானை எப்படித் தப்பியது?

வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீர்யானையைப் பார்க்கிறவர்கள் அதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி என்றுதான் நினைப்பார்கள். நெருப்புக்கோழியையும் அப்படித்தான். ஆனால் நீர்யானையின் நெருங்கிய சொந்தம் ஒன்றும் நெருப்புக்கோழியும் ஒரு காலத்தில் இந்தியாவின் ஆறுகளிலும் புல்வெளிகளிலும் உரிமையோடு திரிந்தவை. நர்மதைக் கரை மண்ணடுக்குகளில் நீர்யானை எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் பாட்னே என்ற இடத்தில் கிடைத்த நெருப்புக்கோழி முட்டை ஓடு ஒன்றில், சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ பொறுமையாகக் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். 2017-இல் ஐதராபாத்தில் இருக்கும் சிசிஎம்பி எனும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் இந்தியாவில் கிடைத்த இத்தகைய ஓட்டிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்து, அது ஆப்பிரிக்க நெருப்புக்கோழிக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டியது.

இந்த விலங்குகள் மறைந்தது தனிக்கதை அல்ல. உலகம் முழுக்கப் பெரிய விலங்குகள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போன ஒரு நீண்ட நிகழ்வின் நம்மூர்ப் பகுதி இது.

பேச்சை எடுத்தாலே சென்னையில் வரும் முதல் கேள்வி, "டைனோசரும் மாமூத்தும் ஒண்ணா இருந்துச்சா சார்?" என்பதுதான். இல்லை. டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்போது மனிதன் என்ற பேச்சே கிடையாது. மாமூத் எனும் கம்பளி யானையோ மனிதர்கள் கண்ணால் பார்த்து, குகைச் சுவரில் படம் வரைந்து, எலும்பில் வீடு கட்டி வாழ்ந்த விலங்கு. டைனோசர் கதையில் விண்கல் ஒன்று குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. மாமூத் கதையில் விசாரணை இன்னும் நடக்கிறது. சாட்சிகள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை.

முதலில் பனியுகம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலகட்டம் அது. அந்தக் காலம் முழுக்க ஒரேயடியாகக் குளிர் அடித்துக்கொண்டிருக்கவில்லை. நீண்ட குளிர், நடுவில் கொஞ்ச காலம் வெதுவெதுப்பு, மறுபடியும் குளிர் என்று மாறி மாறி வந்தது. கடைசிக் குளிர் சுற்று சுமார் 1,15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதன் உச்சம் ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன். கனடாவின் பெரும்பகுதியையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனிப்பாளம் மூடியிருந்தது.

அப்போது சென்னையில் பனி பெய்ததா? பெய்யவில்லை. ஆனால் அன்றைக்கு மெரினாவில் நின்றிருந்தால் கடலைப் பார்க்கக் கிழக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்திருக்கும். ஏராளமான கடல்நீர் வடக்கே பனியாக உறைந்து கிடந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை வெறும் தரை. விலங்குகள் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே போய்வந்தன. இலங்கையில் ரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் கல் தேடித் தோண்டுகிற குழிகளில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் கிடைப்பது அதனால்தான். நம் பக்கம் பருவமழை வலுவிழந்து, காடு சுருங்கிப் புல்வெளி விரிந்தது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து, அதில் இருந்த கார்பன் வகைகளை வைத்தே இந்த வறட்சியையும் பிறகு வந்த ஈரத்தையும் படித்துக் காட்டினார்கள்.

இனி, செத்தது யார் என்ற பட்டியலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் டிப்ரோடோடான் என்று ஒரு விலங்கு. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல். தென் அமெரிக்காவில் மெகாதீரியம். மரத்தில் தொங்கும் ஸ்லாத்தின் உறவினம்தான், ஆனால் யானை அளவு, தரையில் நடந்து, பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை இழுத்துத் தின்றது. வட அமெரிக்காவில் மாமூத், யானையின் தூரத்து உறவான மாஸ்டோடான், வாள்போல் கோரைப்பல் வைத்த பூனைக் குலத்து ஸ்மிலோடான், பெரிய ஓநாய்கள், இவற்றோடு குதிரையும் ஒட்டகமும்! குதிரைக் குலமும் ஒட்டகக் குலமும் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். பிறந்த மண்ணில் அவை அடியோடு அழிந்தன, வெளியூர் போனவை பிழைத்தன. கௌபாய் படங்களில் ஓடும் குதிரைகளின் முன்னோர் ஸ்பானியர்களின் கப்பலில் திரும்பி வந்தவை.

நம் ஊர் ஜூஸ் கடைகளில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். அவ்வளவு பெரிய கொட்டையை முழுசாக விழுங்கி வேறு இடத்தில் சாணமாகப் போட இன்று அமெரிக்கக் காடுகளில் ஆள் இல்லை. அன்று மெகாதீரியம் மாதிரி ராட்சதர்கள் இருந்தார்கள். டேனியல் ஜான்சென், பால் மார்ட்டின் என்ற இருவர் 1982-இல் முன்வைத்த யோசனை இது. அடுத்த முறை அந்தக் கொட்டையைக் கையில் எடுத்தால், எந்தத் தொண்டைக்கு அது அளவெடுத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கண்டம் கண்டமாகக் கணக்குப் பார்த்தால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. 44 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிப் பேரினங்களில் (பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு) ஆஸ்திரேலியா ஏறத்தாழ 88 சதவீதத்தை இழந்தது. தென் அமெரிக்கா 83, வட அமெரிக்கா 72. ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த பெருநிலத்தில் 36. ஆப்பிரிக்காவில் வெறும் 18. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? இதற்குப் பதில் சொல்லாத எந்த விளக்கத்தையும் நான் பாதி விளக்கமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

காலநிலைதான் காரணம் என்பவர்களின் வாதம் எளிது. பனியுகம் முடிந்தது, வெப்பம் ஏறியது, புல்வெளி சதுப்பாகவும் காடாகவும் மாறியது, தீனி போனது, விலங்கு போனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே மாதிரி குளிர்-வெப்பச் சுற்று முன்னேயும் பலமுறை வந்து போயிருக்கிறது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் வந்த வெதுவெதுப்பான காலம் இன்றைய உலகத்துக்குச் சளைத்தது அல்ல. அதையெல்லாம் தாண்டி வந்த மாமூத் கூட்டம் கடைசிச் சுற்றில் மட்டும் ஏன் விழுந்தது? அதோடு ஆஸ்திரேலியாவின் பெரிய விலங்குகளில் பெரும்பாலானவை போனது பனியுகம் முடியும்போது அல்ல, அதற்கு வெகு முன்னால், சுமார் 40,000 ஆண்டுகளுக்கும் முன்.

அந்தக் கடைசிச் சுற்றில் புதிதாக வந்தது மனிதன்தான் என்றார் அரிசோனா பல்கலைக்கழகத்தின் பால் மார்ட்டின். மேலே பட்டர் ஃப்ரூட் விஷயத்தில் வந்தவர்தான். 1960-களிலிருந்து அவர் சொல்லிவந்தது இது: மனிதர்கள் புதிதாகக் காலடி வைத்த நிலத்தில் விலங்குகளுக்கு அவர்களைக் கண்டு பயப்படத் தெரியவில்லை, வேட்டையில் சீக்கிரம் அழிந்தன. ஆப்பிரிக்காவிலோ விலங்கும் மனிதனும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தார்கள். அதனால் அங்கே இழப்பு குறைவு. மேலே சொன்ன சதவீத வரிசையும் இதற்கு ஒத்துப்போகிறது.

கோட்டூர்புரம் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பேச்சில் இதைச் சொன்னபோது, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அம்புட்டுப் பெரிய மிருகம், கையில ஒரு கல் ஈட்டி. இத வச்சுக்கிட்டு ஒரு கண்டத்தையே காலி பண்ணிட்டாங்கன்னா எப்படித் தம்பி நம்பறது?"

நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்களிலும் பலர் இதையேதான் கேட்கிறார்கள். வட அமெரிக்காவில் மாமூத்தையோ மாஸ்டோடானையோ மனிதர்கள் கொன்றதற்கு நேரடித் தடயம் உள்ள இடங்கள் மிகக் குறைவு. மறைந்துபோன மற்ற பல விலங்குகளுக்கு அதுவும் இல்லை.

ஆனால் கூட்டத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யானை சுமார் 22 மாதம் சுமக்கிறது. ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கைந்து வருடம் போகும். முதல் கன்று போடவே பத்துப் பன்னிரண்டு வயதாவது ஆகவேண்டும். மாமூத்தும் இப்படித்தான் என்று வையுங்கள். 1,000 மாமூத் உள்ள ஒரு பகுதியில் வருடம் 60 கன்று பிறக்கிறது, முதுமை, நோய், பஞ்சம் என்று 50 சாகிறது. வருடத்துக்கு 10 கூடுகிறது. இப்போது மனிதர்கள் வந்து வருடத்துக்கு 20 மட்டும் அடிக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டுதான். ஆனால் 10 கூடுவதற்குப் பதில் 10 குறைகிறது. வருடம் ஒரு சதவீதம் என்ற இந்தச் சரிவு அதே விகிதத்தில் தொடர்ந்தால் நூறு வருடத்தில் 1,000 என்பது 366 ஆகும். முந்நூறு வருடத்தில் 49. ஐந்நூறு வருடத்தில் ஏழே ஏழு.

இதைக் கேட்டதும் அந்த அம்மாவே முடித்துவைத்தார்: "வட்டிக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா, அசல் கரையறது பாஸ்புக்கைப் பார்க்கிற வரைக்கும் தெரியாது."

அதுதான் விஷயம். நாற்பது வருடம் வேட்டையாடிய ஒருவர் தன் ஆயுளில் பார்த்திருக்கக்கூடியது 1,000 என்பது சுமார் 670 ஆனதைத்தான். 'எங்க தாத்தா காலத்துல நிறைய இருந்துச்சு' என்று நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொல்லியிருப்பார், அவ்வளவுதான். முயல் மாதிரி வருடத்துக்குப் பல குட்டி போடுகிற விலங்குக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. பெரியவை மட்டும் தேர்ந்தெடுத்தாற்போல் மறைந்ததன் காரணம் இந்த மெதுவான பிறப்பு விகிதத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைச் சோதித்துப் பார்க்க இயற்கையே சில பரிசோதனைக் கூடங்களைக் கட்டிவைத்திருக்கிறது. அவை தீவுகள். கடல்மட்டம் ஏறியபோது சில மாமூத்கள் தீவுகளில் மாட்டிக்கொண்டன. பெருநிலத்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மாமூத்தின் கதை முடிந்துவிட்டது. ஆனால் சைபீரியாவுக்கு வடக்கே இருக்கும் ராங்கல் தீவில் அவை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வரை இருந்தன. எகிப்தில் கிசாவின் பெரிய பிரமிடு கட்டி முடித்தபோது உலகத்தில் மாமூத் உயிரோடு இருந்தது! 2024-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றின்படி, அந்தத் தீவில் மாட்டியது அதிகபட்சம் எட்டு மாமூத்கள் போன்ற சிறு கூட்டம். அது இருநூறு முந்நூறாகப் பெருகி ஆறாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தது. வெப்பம் மட்டுமே கொல்லுமென்றால் இவை எப்படிப் பிழைத்தன?

அதற்காக மனிதன்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. ராங்கல் தீவில் மனிதர்களின் தடயம் தெரிவதே மாமூத் மறைந்து சில நூறு ஆண்டுகள் கழித்துத்தான். அலாஸ்காவுக்கு மேற்கே கடலில் இருக்கும் செயின்ட் பால் தீவில் அப்போது மனிதனே கிடையாது. அங்கும் மாமூத் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. கடல் ஏறித் தீவு சுருங்கியது, நன்னீர் ஏரி வற்றியது, தாகத்தில் தவித்த யானைகள் ஏரிக்கரையை மிதித்துக் குழப்பி நிலைமையை இன்னும் மோசமாக்கின. சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சத்தை விளக்க வேண்டியதில்லை.

காலநிலையா மனிதனா என்று பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சாணம். நேரடியாகச் சாணம் அல்ல, சாணத்தில் மட்டும் முளைக்கும் ஸ்போரோர்மியெல்லா என்ற ஒரு பூஞ்சை. அதன் வித்து புல்லோடு விலங்கின் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு வெளியே வந்து, அங்கே வளர்ந்து, மறுபடி வித்தாகத் தெறித்துப் புல்லில் ஒட்டும். விலங்கு நிறைய, சாணம் நிறைய, வித்தும் நிறைய. மழையில் அடித்துச் செல்லப்பட்ட வித்துகள் ஏரியின் அடியில் வருடா வருடம் சேற்றோடு படியும். ஏரிக்குள் நீளக் குழாயை இறக்கிச் சேற்றை உருளையாக எடுத்து, அடுக்கடுக்காக நறுக்கி, மைக்ரோஸ்கோப்பில் வித்துகளை எண்ணினால் எந்தக் காலத்தில் பெரிய விலங்குகள் எவ்வளவு மேய்ந்தன என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். ஓர் எலும்புகூடத் தேவையில்லை.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஆப்பிள்மேன் ஏரியில் 2009-இல் இப்படி எண்ணிப் பார்த்தார்கள். வித்துகள் 14,800 ஆண்டுகளுக்கு முன் குறையத் தொடங்கி 13,700 வாக்கில் ஏறக்குறைய ஒழிந்துபோயிருந்தன. அதே சேற்றில் மகரந்தமும் கரித்துகளும் இருக்கும் அல்லவா? அவற்றைப் பார்த்தால் மரவகைகள் மாறியதும் காட்டுத்தீ கூடியதும் அதற்குப் பிறகு. அதாவது காடு மாறியதால் விலங்கு போகவில்லை. விலங்கு போனதால், தின்ன ஆளில்லாமல், காடு மாறியது. காரணமும் விளைவும் இடம் மாறி உட்கார்ந்ததை ஒரு பூஞ்சை காட்டிக்கொடுத்தது.

12,900 ஆண்டுகளுக்கு முன் வால்நட்சத்திரம் வெடித்ததால் எல்லாம் அழிந்தது என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 2007-இல் முன்வைக்கப்பட்ட கருத்து அது. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு கண்டத்திலும் வெவ்வேறு காலத்தில் நடந்த அழிவை ஒரே நாள் வெடிப்பு விளக்காது. அவ்வளவு போதும் அதற்கு.

இப்போது நம் ஊர். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் செதுக்கிய கற்கருவி. இந்தியாவின் ஆதிமனித ஆராய்ச்சி தொடங்கியது இன்றைய விமான நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் என்று சொன்னால் பல்லாவரத்துக்காரர்களே நம்ப மாட்டார்கள். அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தையும் அவர் கண்டார். பின்னாளில் சென்னையைச் சேர்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே ஆழமாகத் தோண்டி, அடியில் கிடந்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தது. குதிரை, நீர் எருமை, நீல்காய் ஆகியவற்றின் பற்களும் அங்கே கிடைத்தன. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனம் அல்ல, நமக்கு முந்தைய மனித இனம். ஆனாலும் கல்லெறியும், கூட்டமாக வரும் இரண்டுகால் பிராணியை இந்த மண்ணின் யானையும் எருமையும் 15 லட்சம் ஆண்டாகப் பார்த்து வந்திருக்கின்றன. அமெரிக்க மாமூத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஃபூட் தன் மகனுடன் 1884 வாக்கில் கர்நூல் பக்கம் பில்லாசர்கம் குகைகளிலும் தோண்டினார். அந்தக் குகைகளுக்கு இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் மறுபடி போய், கடைசி 2 லட்சம் ஆண்டுகளின் எலும்புகளை அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு: அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 இன்றும் வாழ்கின்றன. போனது ஒன்றே ஒன்று, எத்தியோப்பிய மலைகளில் இன்று இருக்கும் கெலாடா குரங்கின் உறவினம். கடும் வறட்சியும் மனிதர்களும் அந்தக் காலத்துக்குள் வந்து போயும் இவ்வளவுதான் இழப்பு.

துணைக்கண்டம் முழுவதற்குமான கணக்கு 2021-இல் வந்தது. நான்கு பெரிய பாலூட்டிகள் அடியோடு அழிந்திருக்கின்றன: நேர்த் தந்தம் கொண்ட ராட்சத யானையான பேலியோலாக்சோடான், யானையின் தூரத்து உறவான ஸ்டெகோடான், ஒரு நீர்யானை, ஒரு காட்டுக்குதிரை. நெருப்புக்கோழி இந்தியாவை விட்டு மறைந்தது. இந்தியக் காட்டுமாடு காட்டில் ஒழிந்தாலும் அதன் ரத்தம் நம் திமில் மாடுகளில் ஓடுகிறது, அதனால் அதை முழுக்கப் போனதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த இழப்புகள் தொடங்கியது சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது நம் இனம் இங்கே குடியேறி வெகுகாலம் கழித்து. ஒரேயடியாக அடித்துப் போன அழிவு இங்கே நடக்கவில்லை. மிகப் பெரியதும், ஆற்றையும் புல்லையும் மட்டும் நம்பியதும்தான் அதிகம் போயின. ஆசிய யானையைப் பாருங்கள். புல், மூங்கில், மரப்பட்டை, எது கிடைத்தாலும் தின்னும், மழை பொய்த்தால் வேறு மலைக்கு நடந்துவிடும், மனிதனின் வாடை வந்தால் ஒதுங்கத் தெரியும். கிண்டியில் சாலை ஓரம் எட்டிப் பார்க்கும் புள்ளிமானும் வெளிமானும்கூட இதே பிழைத்த கூட்டத்தின் வாரிசுகள்தான்.

இந்தியத் தேதிகள் இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் ஒரு தடங்கல் இருக்கிறது. எலும்பின் வயதைக் கார்பன் முறையில் அறிய, எலும்புக்குள் கொலாஜன் எனும் புரதம் மிஞ்சியிருக்க வேண்டும். சைபீரியக் குளிரில் மாமூத்தின் முடிகூட மிஞ்சுகிறது. நம் வெயிலிலும் ஈரத்திலும் கொலாஜன் சீக்கிரம் கெட்டுப்போகிறது. அதனால் இங்கே பல்லின் எனாமல், குகை மண், முட்டை ஓடு என்று சுற்றி வளைத்துத்தான் தேதி பிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், "அழிஞ்சுபோன ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்துட்டாங்களாமே?" என்று கேட்பவர்களுக்கு: 2025-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் காட்டிய குட்டிகள், 20 இடங்களில் மரபணு திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்கள். பழைய ஓநாய் அதிலிருந்து பல லட்சம் ஆண்டு முன்பே பிரிந்துபோன வேறு கிளை. தோற்றத்தில் கொஞ்சம் சாயல் வரும், அவ்வளவுதான்.

ஃபூட் சேகரித்த கற்கருவிகளை அன்றைய சென்னை அரசு விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. நேரில் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று அங்கே விடுமுறை.